அட்டை யாருக்காக? டர்பன் ஆலைகளில் பராமரிப்பு வேலையும் புதிய செய்முறை அட்டைகளும்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், கடற்கரையோரச் சர்க்கரை ஆலைகளில் அரைவை ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். அடுத்த அரைவை தொடங்கும்வரை இடையில் இருக்கும் சில மாதங்களை அங்கே எல்லோரும் ‘ஆஃப் கிராப்’ என்பார்கள். மில் ரோலர், டர்பைன், கியர்பாக்ஸ், பம்பு, கன்வேயர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி முடிக்க அந்த மாதங்கள்தான் உண்டு. புதிய செய்முறை அட்டைகள் வந்து இறங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். லேமினேட் செய்த படங்கள், பம்பின் மேல் ஒட்டிய கியூ.ஆர். கோடு, டேப்லெட்டில் படிப்படியாக நகரும் திரை என்று விதவிதமாக வரும். ஆலை மறுபடி ஓடத் தொடங்கும்போது போய்ப் பார்த்தால், சில அட்டைகள் கிரீஸ் கறை ஏறி, ஓரம் மடங்கி, கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும். மற்றவை ஆபீஸ் அலமாரியில் புதுமெருகு கலையாமல் கிடக்கும்.

எது கறை படுகிறது, எது அலமாரியில் தங்குகிறது என்பதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. மேலாளர்களைக் கேட்டால், “பழைய ஆட்கள், புதுசை ஏற்க மாட்டார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. அதே பழைய ஆட்கள்தான் லேசர் அலைன்மென்ட் கருவி வந்ததும் டயல் கேஜை ஓரமாக வைத்தார்கள். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி பேரிங் ஏற்றியவர்கள் இண்டக்‌ஷன் ஹீட்டரைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். உடைந்த கப்ளிங்கைப் படமெடுத்து வாட்ஸாப்பில் நண்பனுக்கு அனுப்பி யோசனை கேட்பது இன்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் நடக்கிறது. புதியது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு ஃபிட்டர் எதையும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. அட்டை கைக்கு வந்ததும் அவர் மனசுக்குள் இரண்டு கேள்வி கேட்கிறார். நான் தடுமாறும் இடத்தில் இது எனக்கு உதவுமா? இது எனக்காக வந்ததா, என்னைப் பிடிக்க வந்ததா?

இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அட்டை புழங்கும். இரண்டாவது கேள்விக்குத் தவறான பதில் கிடைத்துவிட்டால், முதல் கேள்வியை அவர் கேட்கவே மாட்டார்.

செய்முறை அட்டை என்று நான் சொல்வது மெஷின் கம்பெனி தரும் மேனுவலை அல்ல. மேனுவல் மெஷினைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும். பயிற்சி விஷயத்தை மண்டையில் ஏற்றி அனுப்பும். அட்டை, வேலை நடக்கும் இடத்தில், கையில் ஸ்பானர் இருக்கும் நேரத்தில், அடுத்து என்ன என்பதை மட்டும் சொல்லும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமையை அது எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில், போயிங்கின் புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறப்பில் மேலே எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்கச் சுக்கான்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். திறமை குறைந்ததால் நடந்த விபத்து அல்ல அது, நினைவு தவறியதால் நடந்தது. விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது.

பராமரிப்புப் பக்கம் இதைப் பெரிய அளவில் சோதித்ததும் அமெரிக்க விமானப்படைதான். 1960களின் பிற்பகுதியில் சி-141 சரக்கு விமானங்களுக்காக ‘பிமோ’ என்றொரு திட்டம் நடந்தது. ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, படத்தோடு, கையடக்கமாகக் கொடுத்தார்கள். கொஞ்சம் பழகியதும், அனுபவமில்லாத இளைஞர்கள் அனுபவசாலிகளுக்கு ஏறக்குறைய நிகராக, பிழை மிகக் குறைவாக வேலையை முடித்தார்கள்.

இந்த முடிவை ஒரு மேலாளரின் இடத்திலிருந்து படித்தால் ஒன்று தெரியும். முப்பது வருஷம் கையில் ஸ்பானர் பிடித்தவரின் இடத்திலிருந்து படித்தால் வேறொன்று தெரியும். மேலாளருக்கு, பயிற்சிச் செலவு குறையும். மூத்தவருக்கோ, தான் அரை ஆயுள் கொடுத்துச் சேர்த்ததை நேற்று வந்த பையன் ஒரு அட்டையை வைத்துச் செய்துவிடுவான் என்ற செய்தி. அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது இந்தச் செய்தியும் கூடவே போகிறது என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் கவனிப்பதில்லை.

அனுபவசாலிக்கு அட்டை தேவையே இல்லையா என்றால், நிச்சயம் தேவை. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், கேப்டன் முன் இருந்த கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டுத் தொங்க, பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். கேப்டனும் பிழைத்தார். அதற்குச் சற்று முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட விட்டம் குறைந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை. மாற்றியவர் ஷிஃப்ட்டுக்கே பொறுப்பான அனுபவசாலி. கழற்றிய பழைய போல்ட்டை எடுத்துப்போய், வெளிச்சம் போதாத இடத்தில், கண்ணாலேயே ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். எந்த போல்ட் என்று சொல்லும் படத்தோடு கூடிய பாகப் பட்டியல் இருந்தது; அதை அவர் பார்க்கவில்லை. இன்னொன்றும் விசாரணையில் தெரிந்தது. கழற்றிய பழைய போல்ட்டுகளில் பெரும்பாலானவையே சரியான நீளம் இல்லாதவை. அவை நெடுநாள் பிரச்சினையின்றி இருந்ததால் ‘இதுதான் சரி’ என்று கண் பழகிவிட்டது.

அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆள் பற்றாக்குறையில், இரவு ஷிஃப்டில், விடிவதற்குள் விமானத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று தானே இறங்கி வேலை பார்த்தவர். பட்டியலைத் தேடிப் பார்ப்பதைவிடக் கையிலிருக்கும் போல்ட்டை ஒப்பிடுவது வேகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஐரோப்பிய விமானப் பராமரிப்பு நிலையங்களில் பின்னாளில் நடந்த ஆய்வொன்றில், தாங்கள் கடைசியாகச் செய்த வேலையை மேனுவலில் உள்ளபடி செய்யவில்லை என்று சுமார் மூன்றில் ஒரு பங்குத் தொழிலாளர்கள் தாங்களே சொன்னார்கள். விமானத் துறையிலேயே நிலைமை இப்படி. சர்க்கரை ஆலையில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புதிய கருவியை மனிதர்கள் ஏற்பது பற்றி 1989இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்த மாதிரி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பயனுள்ளது என்று தோன்ற வேண்டும், பயன்படுத்த எளிதாகத் தோன்ற வேண்டும். இரண்டில் முதலாவதுக்கே எடை அதிகம் என்றது அவர் ஆய்வு. ஆலையில் கண்ணால் பார்ப்பதும் இதுதான். உண்மையில் உதவுகிற அட்டை கசங்கியிருந்தாலும், எழுத்துச் சின்னதாக இருந்தாலும் தேடி எடுப்பார்கள். உதவாத அட்டையை எவ்வளவு அழகாக அச்சடித்தாலும் தொட மாட்டார்கள். ஆனால் டேவிஸ் ஆராய்ந்தது பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்யும் வேலையை. ஒர்க்‌ஷாப்பில் அதோடு மானமும் பயமும் சேர்ந்துகொள்கின்றன.

முதலில் உதவியின் கணக்கைப் பார்ப்போம். ஆலையில் அடிக்கடி நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: பம்பில் கிளாண்ட் பேக்கிங் மாற்றுவது. பம்பின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்காமலிருக்க, பின்னிய கயிறு மாதிரியான பேக்கிங்கை வளையம் வளையமாக வெட்டி உள்ளே அடுக்கி, கிளாண்ட் நட்டுகளால் இறுக்குவார்கள். நான் பார்த்த ஓர் அட்டையில் இந்த வேலைக்கு இரண்டு பக்கம் இருந்தது. ஹெல்மெட் போடு, கையுறை போடு, பாதுகாப்பு ஷூ போடு, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடு, டூல்களைச் சரிபார் என்று பாதிப் பக்கம் போன பிறகு வேலை தொடங்குகிறது. பழைய பேக்கிங்கை எடு, புதியதை வை. கடைசியில், கிளாண்டைத் தேவைக்கேற்ப இறுக்கு.

புதியவன் தடுமாறும் ஒரே இடம் அந்தத் ‘தேவைக்கேற்ப’ என்பதில்தான் இருக்கிறது. எவ்வளவு இறுக்குவது? பம்பை ஓட்டினால் கிளாண்டிலிருந்து தண்ணீர் ஒழுகும். ஒழுக்கைப் பார்த்ததும் நிறுத்தத்தான் கை போகும். முழுக்க நிறுத்திவிட்டால் பேக்கிங் காய்ந்து, சூடாகி, ஷாஃப்டின் மேல் உறையாக இருக்கும் ஸ்லீவை அரித்துக் கோடு போட்டுவிடும். அப்புறம் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது. ஸ்லீவையே மாற்ற வேண்டும். பேக்கிங்குக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் கொடுப்பதே அந்தச் சொட்டுத் தண்ணீர்தான்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு மூத்த ஃபிட்டர் இதே வேலையைத் தன்னிடம் பயிலும் ஜூலு இளைஞனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அருகில் நின்று பார்த்தேன்.

“பாபா, எவ்வளவு இறுக்கணும்?”

“முதல்ல கையால. ஸ்பானரை எடுக்காதே. பம்பை ஓட விடு, நல்லா ஒழுகட்டும். இப்போ ரெண்டு நட்டையும் ஒரு முகம், ஒரு முகம். நிறுத்து. பொறு.”

“இன்னும் ஒழுகுதே, பாபா.”

“ஒழுகணும். சொட்டை எண்ணு.”

ஒரு முகம் என்று அவர் சொன்னது அறுமுக நட்டின் ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு பங்குச் சுற்று. இரண்டு நட்டையும் சமமாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கிளாண்ட் கோணலாக உட்காரும். ஒவ்வொரு திருப்பலுக்கும் இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். பம்பையும் பேக்கிங்கையும் பொறுத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வளையங்களின் வெட்டு வாய்கள் ஒன்றன் மேல் ஒன்று வராமல் ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தள்ளி வைக்க வேண்டும்; நடுவில் வரும், பேக்கிங்குக்குத் தண்ணீரைப் பரப்பும் லாண்டர்ன் வளையம் தண்ணீர் வரும் துளைக்கு நேரே நிற்க வேண்டும். பழைய பேக்கிங்கை எடுக்கும்போது அந்த லாண்டர்ன் வளையத்துக்கு அடியில் கிடக்கும் கடைசி வளையங்களை எடுக்காமல் விட்டுவிடுவது வழக்கமான தவறு.

இந்த நான்கு விஷயம்தான் அட்டையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் மூத்தவருக்கும் தெரியும், இளையவனுக்கும் தெரியும். ஹெல்மெட் போடச் சொல்ல ஆலை வாசலிலேயே பலகை இருக்கிறது. பாதுகாப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் படி கட்டாயம் அட்டையில் இருக்க வேண்டும், அதுவும் எந்தப் பம்புக்கு எந்த ஐசொலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்ற எண்ணோடு. பொதுப்படையான எச்சரிக்கைகளால் முதல் பக்கத்தை நிரப்பும்போது, படிப்பவரின் கண் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. உண்மையான எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து தாண்டப்படும். அதில்தான் எனக்குக் கவலை.

எந்த இடத்தில் ஆள் தடுமாறுகிறார் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதுதான். மேசையில் உட்கார்ந்து மேனுவலைச் சுருக்கி எழுதினால், எழுதுபவருக்குக் கடினமாகத் தெரிவது அட்டையில் வரும்; செய்பவருக்குக் கடினமானது வராது.

அடுத்தது இரண்டாவது கேள்வி. இங்கே தென்னாப்பிரிக்காவின் வரலாற்றை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனுக்கு வந்ததிலிருந்து, நட்டால் சர்க்கரைத் தொழில் நம்மவர்களின் உழைப்பில் வளர்ந்தது. வயலில் மட்டும் அல்ல, ஆலைக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தார்கள். ஆனால் கைவேலை தெரிந்திருப்பதும் கைவினைஞர் என்ற பட்டம் இருப்பதும் ஒன்றாக இருக்கவில்லை. 1922ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டம் ஆறாம் ஸ்டாண்டர்டு (இன்றைய எட்டாம் வகுப்பு) படிப்பைத் தகுதியாக வைத்தது. பள்ளிக்கூடமே போதிய அளவு கிடைக்காத மக்களுக்கு அது சட்டப்படி சாத்தப்பட்ட கதவு. 1956ஆம் ஆண்டின் தொழில் சமரசச் சட்டம் குறிப்பிட்ட வேலைகளை இன வாரியாக ஒதுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. டர்பனில் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி 1946இல் அமைந்து இந்தியர்களுக்குத் தொழிற்கல்வி கொடுத்தது பெரிய காரியம். இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேர்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் தொழிலாளர் சட்டங்களை ஆராய அரசு அமைத்த வீஹான் ஆணையத்தின் 1979 அறிக்கைக்குப் பிறகுதான் வேலை ஒதுக்கீடு பெரும்பாலும் கலைந்து, எல்லா இனத்தவருக்கும் அப்ரென்டிஸ் வாய்ப்பு திறந்தது.

அதற்கு முந்தைய காலத்தில் ‘அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் ஃபிட்டர் வேலையைச் செய்தவர்கள் ஏராளம். கறுப்பினத் தொழிலாளர்களின் நிலை இதைவிட மோசம். வேலையைச் செய்வது ஒருவர், காகிதத்தில் கையெழுத்துப் போடுவது இன்னொருவர். மேனுவல் ஃபோர்மேன் அறையில் இருக்கும். கீழே இருப்பவர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, இரும்பில் காதை வைத்து பேரிங்கின் சத்தத்தைப் பிடித்துக் கற்றுக்கொண்டார். பின்னாளில் பலர் அந்த அனுபவத்தைக் காட்டியே டிரேட் டெஸ்ட் எழுதி ஆர்ட்டிசன், அதாவது பட்டம் பெற்ற கைவினைஞர், ஆனார்கள். 1981ஆம் ஆண்டின் மனிதவளப் பயிற்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதற்கு வழி விட்டது. ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் ‘செக்‌ஷன் 28’ என்று சொன்னால் மூத்தவர்களுக்குப் புரியும்.

இப்படி வந்த ஒருவரின் கையில், அவர் பெயரோ அவர் தோழர்கள் யார் பெயருமோ இல்லாத, மேலிருந்து வந்த ஓர் அட்டையைக் கொடுத்து ‘இனிமேல் இதன்படி செய்’ என்றால் அவருக்கு என்ன தோன்றும்? அறிவு ஒரு பக்கம், காகிதம் இன்னொரு பக்கம் என்றிருந்த அந்தக் காலம்தான் நினைவுக்கு வரும். இதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

காகிதம் மனிதரை மதிப்பிடும் கருவியாக இருந்த வரலாறும் இந்த நாட்டுக்கு உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் பணியாளர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வில்லியம் ஹட்சன் 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேட்டைக்காரன், மான், தொலைவில் யானை என்று கோட்டோவியங்களைக் காட்டி, எது அருகில் எது தூரத்தில் என்று கேட்டார். பள்ளி செல்லாத ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் பலர் படத்தின் ஆழத்தைக் காணவில்லை என்பது அவர் முடிவு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த ஓவியங்களையே கேள்வி கேட்டார்கள். தொலைவைக் காட்ட அந்த ஓவியர் பயன்படுத்திய முறை, படித்துப் பழகினால்தான் தெரியும் ஒரு வழக்கம். பார்ப்பவரின் கண்ணில் குறை எதுவும் இல்லை.

இன்று அட்டை தயாரிப்பவர்களுக்கு அதில் நேரடியான பாடம் இருக்கிறது. மெஷின் கம்பெனியின் மேனுவலில் வரும், பாகங்களைப் பிரித்துப் பிரித்து வரிசையாகக் காட்டும் கோட்டுப் படம் டிராயிங் படித்தவருக்குத்தான் சட்டென்று புரியும். அதே பம்பை, அதே துருவோடு, ஃபிட்டர் நிற்கும் இடத்திலிருந்து, அவர் கண் உயரத்தில் போனில் எடுத்த போட்டோ யாருக்கும் புரியும். குவாசூலு-நட்டாலில் இது இன்னும் முக்கியம். மேனுவல் ஆங்கிலத்தில் இருக்கும். வேலை கற்க வருபவர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுபவர்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சே ஆங்கிலமாகிவிட்டது. தமிழ் கோயிலிலும் பஜனையிலும் இருக்கிறது. இந்தக் கலவையில் நல்ல போட்டோவும், அதன் மேல் ஓர் அம்புக்குறியும், ஒரு எண்ணும் பத்து வரி எழுத்தைவிட அதிகம் பேசும். அமெரிக்க ராணுவம் 1951இலிருந்தே வண்டிப் பராமரிப்பைப் படக்கதையாகச் சொல்லும் மாத இதழை நடத்தியது. சிப்பாய்கள் அதைப் படித்தார்கள் என்பதால்தான் அது பல பத்தாண்டுகள் நின்றது.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளிக்குத் தேவையான தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. நல்ல சட்டம். ஆனால் விபத்து நடந்த மறுநாள் விசாரணையில் முதலில் மேசைக்கு வருவது செய்முறைத் தாள்தான். தாளில் 14ஆவது படி இருந்தது, அவர் அதைச் செய்யவில்லை; தகவல் கொடுத்தாகிவிட்டது, தவறு தொழிலாளியுடையது. இப்படி முடிந்த ஒரு சம்பவம் போதும். அந்த ஆலையில் அதற்குப் பிறகு வரும் எல்லா அட்டைகளும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். ஒவ்வொரு படிக்கும் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் டிக் என்று கேட்டால், ஷிஃப்ட் முடிவில் டீ குடித்துக்கொண்டே எல்லா டிக்கையும் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். காகிதம் நிறைந்திருக்கும், வேலை எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

சுரங்கங்களிலும் ஆலைகளிலும் ‘பி.டி.ஓ.’ (பிளான்ட் டாஸ்க் அப்சர்வேஷன், திட்டமிட்டு வேலையைக் கவனிப்பது) என்றொரு வழக்கம் இருக்கிறது. மேற்பார்வையாளர் செய்முறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை நடப்பதை முழுதாக நின்று பார்க்க வேண்டும். தாளும் வேலையும் எங்கே பிரிகின்றன என்று குறிக்க வேண்டும். பிரியும் இடத்தில் தவறு வேலையில் இருக்கலாம், தாளிலும் இருக்கலாம். இரண்டையும் திறந்த மனசோடு கேட்பவர் வந்தால் பி.டி.ஓ. போல நல்ல கருவி கிடையாது. நடைமுறையில் பல இடங்களில் தாள் சரி என்று வைத்துக்கொண்டு ஆளைத் திருத்துவதோடு அது முடிந்துவிடுகிறது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேப்லெட்டா, லேமினேட் அட்டையா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. 2023இல் தென்னாப்பிரிக்காவில் 300 நாட்களுக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. கரண்ட் போனால் வைஃபை போகும், சில மணி நேரத்தில் போன் டவரும் போகும். ஜெனரேட்டரை எந்த வரிசையில் ஓட்டுவது, கரண்ட் வந்ததும் எந்த பிரேக்கரை முதலில் போடுவது என்று பார்க்க வேண்டிய அந்த நிமிடத்தில் சர்வரில் இருக்கும் அட்டையால் பயனில்லை. பேனலுக்குள் கதவில் ஒட்டிய தாள்தான் கை கொடுக்கும். அடிக்கடி செய்ய வேண்டியிருந்தும் பதற்றத்தில் வரிசை மறந்துபோகும் வேலை இது. அதனால் இந்த அட்டையை ஏற்கச் சொல்லி யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. கிரீஸ் கை தொடுதிரையில் வேலை செய்யாது என்பதையும் டேப்லெட் விற்க வருபவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு நாள் பார்க்கலாம். டேப்லெட்டுக்கு இடமே இல்லை என்பதில்லை. வீடியோ காட்டவும், திருத்திய பதிப்பை உடனே எல்லோருக்கும் அனுப்பவும் அதுதான் வசதி.

என்னைப் பொறுத்தவரை அட்டை நிற்பதும் விழுவதும் திருத்தத்தில்தான். முதல் அட்டையில் தவறு இருக்கத்தான் செய்யும். போன வருஷம் மோட்டாரை மாற்றியிருப்பார்கள், போல்ட் அளவு மாறியிருக்கும், அட்டையில் பழையதே இருக்கும். ஃபிட்டர் பேனாவால் அடித்துத் திருத்தி எழுதுகிறார். அந்தப் பேனாக் குறியை ‘ஆவணத்தைக் கெடுத்தது’ என்று பார்க்கும் ஆலையும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அதே வாரத்தில் புதிய அட்டை அச்சடித்துக் கொடுக்கும் ஆலையும் உண்டு. இரண்டாவது வகை ஆலையில், தான் சொன்னது மாறி வந்ததை ஒரு முறை பார்த்த ஃபிட்டர் அடுத்த அட்டையைத் தானே கேட்டு வாங்குவார். முதல் வகை ஆலையில் ஆட்கள் தங்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வார்கள். கிளியரன்ஸ் அளவு, டார்க் அளவு, எந்த பேரிங்குக்கு எந்த எண் எல்லாம் அதில் இருக்கும். எழுதியவர் ஓய்வுபெறும்போது அந்த நோட்டும் வீட்டுக்குப் போய்விடும். அந்த நோட்டுகளைப் பார்த்தவர்கள் யாரும் இவர்களைக் காகித விரோதிகள் என்று சொல்ல மாட்டார்கள். சொந்தமாக எழுதி, சொந்தமாகத் திருத்தி, வருஷக்கணக்கில் பயன்படுத்தும் செய்முறை அட்டைதான் அது.

அதனால் அட்டை திட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே. பிடுங்க வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள். மூத்தவர் பெயரை அட்டையின் கீழே அச்சடியுங்கள், திருத்தியவர் பெயரையும் தேதியையும் சேருங்கள். அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கொடுங்கள், எழுதுவதும் வேலைதான். தினமும் செய்யும் வேலைக்கு அட்டை போட்டு அனுபவசாலியை அவமதிக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை, ஆஃப் கிராப்பில் மட்டும் வரும் வேலைகளை முதலில் எடுங்கள்: டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்வது, மில் ரோலரின் இடைவெளியை அமைப்பது, கியர்பாக்ஸ் பல்லின் தொடர்பைப் பார்ப்பது. போன வருஷம் எப்படிச் செய்தோம் என்று முப்பது வருஷ அனுபவசாலியும் அங்கே ஒரு நிமிடம் யோசிப்பார். அவர் தடுமாறும் இடத்தில் முதல் அட்டை உதவினால், இளையவர்கள் முன் அதைக் கையில் எடுக்க அவருக்குக் கூச்சம் இருக்காது. அவர் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள்.

இதற்கு அவகாசம் அதிகம் இல்லை. நட்டால் சர்க்கரைத் தொழில் ஆட்டம் கண்டிருக்கிறது. டோங்காட் ஹியூலெட் என்ற பெரிய சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில், நொடிந்த நிறுவனங்களைக் காப்பாற்றும் சட்டப்படியான தொழில் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. நல்ல ஆர்ட்டிசன்கள் வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். அப்ரென்டிஸ் வாய்ப்பு திறந்த 1980களின் தொடக்கத்தில் உள்ளே வந்த முதல் அணி ஓய்வு வயதைத் தொட்டுவிட்டது, பலர் கடந்தும்விட்டார்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் வீட்டில் இருக்கும் அவர்களில் பலர், ஆலை கூப்பிட்டு ஒரு ஆஃப் கிராப்புக்கு வந்து போட்டோவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லச் சொன்னால் வருவார்கள். கூப்பிட வேண்டிய பட்டியல் ஒவ்வொரு ஆலையின் சம்பளப் பிரிவிலும் இருக்கிறது.